வாடகை வட்டுகளில் ஒரு சொந்தக் கிடங்கு

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே பாறையைக் குடைந்து பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்கவில்லை என்று அந்தக் கோயிலிலேயே வடமொழியில் வெட்டியும் வைத்தான். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்தும் அந்தக் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. எழுத்து தெரிந்தவர் நேரே போய்ப் படித்துக்கொள்ளலாம்.

இத்தகைய இடங்களை இன்று ஆவணப்படுத்துகிறவர்கள் உருவாக்கும் பதிவு வேறு மாதிரி. ஒரு நல்ல லேசர் ஸ்கேனர் விநாடிக்குப் பத்து லட்சம் புள்ளிகளை அளந்து தள்ளும். அதோடு ஆயிரக்கணக்கில் உயர்தரப் படங்கள். மண்டகப்பட்டு போன்ற சிறு குகைக்கோயிலுக்கே சில நூறு ஜிகாபைட் ஆகிவிடும். பக்கத்தில் செஞ்சிக் கோட்டை: மூன்று மலைகள், அவற்றை இணைக்கும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதை முழுதும் ஸ்கேன் செய்தால் கணக்கு டெராபைட்டில் ஓடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்களின் புகைப்படங்கள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரு படத்தின் ஸ்கேன் 50 மெகாபைட் என்று வைத்தாலும் ஏழெட்டு டெராபைட் வந்துவிடுகிறது.

பத்து டெராபைட் என்பது இன்று பெரிய அளவா? கடையில் 20 டெராபைட் ஹார்டு டிஸ்க்கே கிடைக்கிறது. ஒன்றை வாங்கி மாட்டினால் வேலை முடிந்ததே என்று தோன்றும்.

இடம் கிடைத்துவிடும், சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்குகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ ஆண்டுதோறும் செத்துப்போகும் என்பது பெரிய சேமிப்பு நிறுவனங்கள் வெளியிடும் புள்ளிவிவரங்களில் திரும்பத் திரும்பத் தெரிகிற உண்மை. எது எப்போது சாகும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்து, பத்துப் பேர் ஒரே நேரத்தில் அந்தப் படங்களைத் திறந்தால் ஒரு டிஸ்க் திணறும். அடுத்த ஆண்டு பத்து டெராபைட் முப்பதாகும். அப்போது எல்லாவற்றையும் புதிய பெட்டிக்கு மாற்ற வேண்டும். மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்கள், வங்கிகளின் ஆவணங்கள், சினிமா கிராஃபிக்ஸ் கூடங்களின் காட்சிகள் என எல்லா இடத்திலும் இதே மூன்று தொல்லைதான்.

இதற்குக் கணினி உலகம் கண்ட வழி, கிளஸ்டர் ஸ்டோரேஜ். பல கணினிகள், அவற்றிலுள்ள பல டிஸ்க்குகள், எல்லாவற்றையும் ஒரு மென்பொருள் சேர்த்துப் பயனருக்கு ஒரே ஃபோல்டராகக் காட்டும். ஒரு கோப்புக்கு இரண்டோ மூன்றோ பிரதி வெவ்வேறு கணினிகளில் உட்கார்ந்திருக்கும். ஒரு கணினி விழுந்தாலும் ஃபோல்டர் விழாது. இடம் போதவில்லையா, இன்னொரு கணினியைச் சேர்த்தால் போதும். ஐ.பி.எம். 1998-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜி.பி.எஃப்.எஸ்., சூப்பர் கணினிகளில் புகழ்பெற்ற லஸ்டர் ஆகியவை இந்த வகையின் மூத்த பிள்ளைகள். இவை வளர்ந்தது நிறுவனங்களின் சொந்த அறைகளில், சொந்த டிஸ்க்குகளில், சொந்த கேபிள்களில். பிற்பாடு அறையும் டிஸ்க்கும் கேபிளும் 'கிளவுட்' என்ற பெயரில் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியோரின் வாடகைப் பொருளானபோது இந்த மென்பொருளையும் அங்கே குடியேற்ற வேண்டியிருந்தது. குடியேற்றிய பிறகுதான் பழைய கணக்குகள் பல அங்கே செல்லாது என்று தெரிந்தது. அந்தக் கதையில் நடுநாயகமாக நிற்பவர் தமிழ்நாட்டில் படித்த ஒருவர்.

சிதம்பரத்திலிருந்து கலிபோர்னியாவுக்கு

செஞ்சியும் சிதம்பரமும் ஒருகாலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்தவர் ஆனந்த் பாபு பெரியசாமி. தொழில்நுட்ப வட்டாரத்தில் 'ஏபி' என்றால் எல்லோருக்கும் தெரியும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் ஈடுபாடு கொண்ட இவர், அமெரிக்காவில் கலிபோர்னியா டிஜிட்டல் என்ற சிறிய நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். அந்த நிறுவனம் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்காக 'தண்டர்' என்ற கணினித் தொகுப்பைக் கட்டிக்கொடுத்தது. 1,024 கணினிகள், ஒவ்வொன்றிலும் நான்கு செயலிகள். 2004 ஜூனில் வெளியான உலக சூப்பர் கணினிப் பட்டியலில் ஜப்பானின் எர்த் சிமுலேட்டருக்கு அடுத்து இரண்டாம் இடம் தண்டருக்குக் கிடைத்தது. விலையுயர்ந்த தனி எந்திரம் செய்யும் வேலையைச் சாதாரணக் கணினிகள் பலவற்றைக் கோத்துச் செய்துகாட்டிய முயற்சி அது.

கணக்குப் போடுவதற்குக் கணினிகளைக் கோக்க முடியுமென்றால், சேமிப்பதற்கும் கோக்க முடியுமே? 2005-ல் ஏபி தொடங்கிய குளஸ்டர் நிறுவனம் அந்த வேலையைத்தான் எடுத்துக்கொண்டது. மென்பொருள் எழுதியவர்களில் பலர் பெங்களூரில் இருந்தார்கள். மூல நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். நிறுவனங்களுக்கு ஆதரவுச் சேவை கொடுத்துப் பணம் ஈட்டுவது என்பது ஏற்பாடு. இணைய வானொலியான பண்டோரா அதன் வாடிக்கையாளர்களில் ஒன்று.

குளஸ்டரின் தனித்தன்மை ஒரு துணிச்சலான முடிவில் இருக்கிறது. மற்ற பல மென்பொருள்களில் எந்தக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று குறித்துவைக்க ஒரு பதிவேட்டுக் கணினி தனியாக இருக்கும். யார் எதைத் தேடினாலும் முதலில் அதைக் கேட்க வேண்டும். அது படுத்தால் எல்லாம் படுத்தது. குளஸ்டரில் அந்தப் பதிவேடே இல்லை. கோப்பின் பெயரை ஒரு கணிதச் சூத்திரத்துக்குள் போட்டால் ஓர் எண் வரும். அந்த எண் எந்த எல்லைக்குள் விழுகிறதோ, அந்த எல்லைக்குரிய கணினியில் கோப்பு இருக்கும். பதிவேட்டைப் புரட்டாமல் எந்தக் கணினியும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். இதற்கு விலையும் உண்டு. லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரைப் பட்டியலிடச் சொன்னால் எல்லாக் கணினிகளையும் கேட்டுத்தான் பதில் வரும், காத்திருக்க நேரிடும்.

2011: அமேசானில் குடியேற்றம்

அமேசான் தன் எஸ்3 சேமிப்பை 2006 மார்ச்சில் திறந்தது. அதே ஆண்டு வாடகைக் கணினிகள் வந்தன. 2008-ல் அந்தக் கணினிகளில் மாட்டிக்கொள்ள இ.பி.எஸ். என்ற வாடகை டிஸ்க் வந்தது. ஆனால் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக ஓட்டிவந்த மென்பொருள்களுக்கு இவை இரண்டுமே ஒத்துவரவில்லை. எஸ்3-ல் கோப்பை முழுதாகப் போடலாம், முழுதாக எடுக்கலாம்; நடுவில் நாலு வரியை மட்டும் திருத்த முடியாது. இ.பி.எஸ்.ஸில் திருத்தலாம், ஆனால் ஒரு டிஸ்க்கை ஒரு கணினியில்தான் மாட்ட முடிந்தது. அன்றைக்கு ஒரு டிஸ்க்கின் உச்ச அளவே ஒரு டெராபைட். பத்து டெராபைட் கொண்ட, பத்துக் கணினிகள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரே ஃபோல்டர் வேண்டுமென்றால் அமேசானிடம் அப்போது சரக்கு இல்லை.

அந்த இடைவெளியில்தான் குளஸ்டர் நுழைந்தது. அமேசானில் நேரடியாக ஏற்றிக்கொள்ளும்படி தன் மென்பொருளைப் பொதி கட்டி 2011-ல் வெளியிட்டது. வாடகைக் கணினிகளில் அதை நிறுவினால், சின்னச் சின்ன வாடகை டிஸ்க்குகள் சேர்ந்து ஒரு பெரிய கிடங்காகத் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் 13.6 கோடி டாலருக்குக் குளஸ்டரை வாங்கியது. அடுத்த ஆண்டே தன் பெயரில் அமேசானுக்கான பதிப்பை வெளியிட்டது.

இதற்கு நடுவே 2011 ஏப்ரல் 21 அன்று அமேசானின் அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் ஒரு விபத்து. நெட்வொர்க்கை மேம்படுத்தும் வேலையில் போக்குவரத்தைத் தவறான பாதையில் திருப்பிவிட்டார்கள். அந்தப் பாதையால் சுமையைத் தாங்க முடியவில்லை. இ.பி.எஸ். டிஸ்க்குகள் தங்கள் பிரதிகளோடு தொடர்பிழந்தன. தொடர்பு திரும்பியதும் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் புதுப் பிரதி எடுக்க இடம் தேடி அலைந்ததில் இருந்த இடமும் தீர்ந்து, நெரிசல் கூடியது. ரெட்டிட், கோரா, ஃபோர்ஸ்கொயர் போன்ற தளங்கள் முடங்கின. சீர்செய்யச் சில நாட்கள் ஆயின. கடைசியில் அந்தப் பகுதியில் பாதிப்பு நேர்ந்த பிரிவிலிருந்த இ.பி.எஸ். டிஸ்க்குகளில் 0.07 சதவீதத்தை மீட்கவே முடியவில்லை என்று அமேசானே அறிவித்தது. சிறிய எண்தான். அதற்குள் தன் டிஸ்க் இருந்தவருக்கு மட்டும் அது நூறு சதவீதம்.

மூன்று மலைகளும் மூன்று ஸோன்களும்

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். கீழ்க்கோட்டையில் நெற்களஞ்சியம் இருக்கிறது. ராஜகிரியின் உச்சியில் தனியாக இன்னொரு களஞ்சியமும் நீர்நிலையும் இருக்கின்றன. கீழே எதிரி புகுந்தாலும் மேலே இருப்பவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். கிளவுடில் சேமிப்பைத் திட்டமிடுகிறவர்கள் செய்வதும் இதேதான். அமேசானின் மும்பைப் பகுதியிலும் ஹைதராபாத் பகுதியிலும் மும்மூன்று 'ஏவெய்லபிலிட்டி ஸோன்'கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி மின்சாரம், தனிக் குளிரூட்டல், தனிக் கட்டடம். பிரதிகளை மூன்று ஸோன்களில் பிரித்து வைத்தால் ஒன்று போனாலும் கிடங்கு திறந்தே இருக்கும்.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். மும்பையின் மூன்று ஸோன்களிலும் ஆளுக்கொரு வாடகைக் கணினி. ஒவ்வொன்றிலும் ஒரு 10 டெராபைட் இ.பி.எஸ். டிஸ்க். டிஸ்க்கை எக்ஸ்.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் செய்து மாட்டி, அதில் ஒரு ஃபோல்டரைக் குளஸ்டருக்கு ஒதுக்குகிறார் அட்மின். அந்த ஒதுக்கீட்டுக்கு 'பிரிக்' என்று பெயர். பிறகு ஃபயர்வாலில் 24007 என்ற போர்ட்டையும், 49152-லிருந்து மேலே சில போர்ட்டுகளையும் மூன்று கணினிகளுக்கும் அவற்றைப் பயன்படுத்தும் கணினிகளுக்கும் மட்டும் திறக்கிறார். ஒன்றிலிருந்து மற்ற இரண்டையும் கூட்டாளிகளாகச் சேர்க்கத் தலா ஒரு கட்டளை, மூன்று பிரதி என்று சொல்லிக் கிடங்கை உருவாக்க ஒரு கட்டளை, தொடங்கிவைக்க ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

இடறும் இடங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. புதிய டிஸ்க்கை மாட்ட மறந்துவிட்டு, இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கிலேயே பிரிக் வைக்கப் போனால் மென்பொருள் மறுத்துவிடும். 'ஃபோர்ஸ்' என்று கட்டளையின் கடைசியில் சேர்த்தால்தான் ஒப்புக்கொள்ளும். அவசரக்காரர் அதைச் சேர்த்துவிட்டால், இயங்குதளத்துக்கான இடம் ஒரு நாள் நிரம்பிக் கணினியே நின்றுபோகும். இன்னொன்று முகவரி. நிறுவனத்தின் சொந்த அறையில் கணினியின் எண் முகவரி ஆண்டுக்கணக்கில் மாறாது. கிளவுடில் ஒரு கணினியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் புதிதாக ஒன்றை எழுப்பினால் அதன் முகவரி பெரும்பாலும் வேறாக இருக்கும். பெயரைக் கொண்டு சேர்க்காமல் எண்ணைக் கொண்டு சேர்த்தவர்கள் அன்றைக்குத்தான் வருந்துவார்கள்.

அமைத்து முடித்த பிறகு விவரம் தெரிந்தவர்கள் செய்யும் முதல் வேலை, மூன்றில் ஒன்றை வேண்டுமென்றே கொல்வது. முறையாக நிறுத்தினால் பயனருக்கு ஒன்றும் தெரியாது. மின்சாரம் போனதுபோலத் திடீரென அறுத்தால், கோப்பை எழுதிக்கொண்டிருந்த மென்பொருள் அப்படியே உறைந்து நிற்கும். குளஸ்டர் தன் கூட்டாளி செத்துவிட்டது என்று முடிவுகட்ட, மாற்றி அமைக்காவிட்டால், 42 விநாடி காத்திருக்கும். படம் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பணப் பரிமாற்றம் செய்யும் மென்பொருள் பொறுக்காது. பிறகு மீதி இரண்டு கணினிகளும் வேலையைத் தொடரும். விழுந்தது எழுந்ததும், அது இல்லாத நேரத்தில் மாறிய கோப்புகளை மட்டும் மற்றவை அதற்கு ஊட்டிவிடும்.

மூன்று எதற்கு, இரண்டு பிரதி போதாதா என்று செலவைப் பார்க்கிறவர்கள் கேட்பதுண்டு. இரண்டு கணினிகளும் உயிரோடிருந்து நடுவில் தொடர்பு மட்டும் அறுந்தால் விபரீதம். ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டதாக எண்ணி, ஒரே கோப்பில் வேறு வேறு மாற்றங்களை எழுதிக்கொள்ளும். தொடர்பு திரும்பும்போது எது சரியான பிரதி என்று மென்பொருளால் சொல்ல முடியாது. இதற்கு 'ஸ்பிளிட் பிரெய்ன்' என்று பெயர். மூன்றாவது ஆள் இருந்தால் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தீர்ந்துவிடும். அந்த மூன்றாவது ஆள் முழுக் கோப்பையும் சுமக்க வேண்டியதில்லை. கோப்பின் பெயரையும் விவரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவராக இருக்கவும் குளஸ்டரில் வழியுண்டு. அதற்குச் சின்ன டிஸ்க் போதும்.

பில் வரும் நாள்

சொந்த அறையில் டிஸ்க் ஒருமுறை வாங்குவது. உள்ளே ஓடும் கேபிளுக்குக் கட்டணமே கிடையாது. கிளஸ்டர் மென்பொருள்கள் பிறந்தது அந்த எண்ணத்தில். பிரதி எடு, இன்னொரு பிரதி எடு, கணினிகள் தங்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். கிளவுடில் இந்த ஒவ்வொரு பேச்சுக்கும் மீட்டர் ஓடுகிறது.

அமேசானின் அமெரிக்கக் கிழக்குப் பகுதிக்கான பட்டியல் விலையை வைத்துப் பார்ப்போம். மும்பையில் எண்கள் சற்று மாறும். சாதாரண இ.பி.எஸ். டிஸ்க் ஜிகாபைட்டுக்கு மாதம் 8 சென்ட். 10,000 ஜிகாபைட்டுக்கு 800 டாலர். மூன்று பிரதி என்றால் 2,400 டாலர். இத்தனைக்கும் அமேசான் ஒவ்வொரு இ.பி.எஸ். டிஸ்க்கையும் ஸோனுக்குள்ளேயே தானும் பிரதி எடுத்துத்தான் வைத்திருக்கிறது. பிரதியின் மேல் பிரதி. மூன்று கணினிகளின் வாடகை தனி. அடுத்தது ஸோன் கடக்கும் கட்டணம்: ஜிகாபைட்டுக்குப் போக ஒரு சென்ட், வர ஒரு சென்ட். குளஸ்டரில் கோப்பை எழுதும் கணினியே மூன்று பிரதிகளையும் நேரடியாக அனுப்புகிறது. ஒரு டெராபைட் எழுதினால் இரண்டு டெராபைட் ஸோன் தாண்டும். அதற்கு 40 டாலர். எழுதி அழித்து எழுதும் வேலையாக இருந்தால் இந்த வரி டிஸ்க் வாடகையைத் துரத்திப் பிடிக்கும்.

செலவைக் குறைக்கச் சிலர் வேறு வழி பிடிப்பார்கள். சில வகை வாடகைக் கணினிகளோடு மிக வேகமான உள் டிஸ்க் சேர்ந்தே வரும். தனி வாடகை இல்லை. கணினியை நிறுத்தினால் அதிலிருப்பது அழிந்துவிடும் என்பது நிபந்தனை. கிளஸ்டரில் மற்ற பிரதிகள் இருப்பதால் ஒன்று அழிந்தால் பரவாயில்லை என்று வாதிடலாம், வாதம் சரியும்தான். ஆனால் அதே அலுவலகத்தில் இன்னொருவர், இரவில் யாரும் பயன்படுத்தாத கணினிகளை நிறுத்திப் பணம் மிச்சப்படுத்தலாம் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் அணைக்கும்படி அட்டவணை போட்டுவிட்டால் காலையில் கிடங்கு காலி.

இதற்குள் கிளவுட் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2016-ல் அமேசான் இ.எஃப்.எஸ். என்று பல ஸோன்களில் பரவிய பொது ஃபோல்டரைத் தானே தரத் தொடங்கியது. அதன் சாதாரண வகைக்குப் பட்டியல் விலை ஜிகாபைட்டுக்கு மாதம் 30 சென்ட். பத்து டெராபைட்டுக்கு 3,000 டாலர். கணினியும் வேண்டாம், ஸ்பிளிட் பிரெய்ன் கவலையும் வேண்டாம். குளஸ்டரின் 2,400 டாலரோடு மூன்று கணினிகளின் வாடகையையும், அதைக் கவனிக்கும் ஆளின் சம்பளத்தையும் கூட்டினால் எது மலிவு என்பதில் பெரிய சந்தேகம் இருக்காது. சேமிப்புப் பெட்டிகளுக்குப் பேர்போன நெட்ஆப் நிறுவனம் 2014-லேயே தன் ஆன்டேப் மென்பொருளைப் பெட்டியிலிருந்து பிரித்துக் கிளவுடில் விற்றது. 2021-ல் அதே ஆன்டேப்பை அமேசான் தன் சேவையாக நடத்தித் தர ஆரம்பித்தது. மென்பொருள் நெட்ஆப்புடையது, இரவு அலாரம் அடித்தால் எழுந்து ஓடுவது அமேசானின் ஆட்கள்.

பிரதி வேறு, காப்பு வேறு

மூன்று ஸோன்களில் மூன்று பிரதி இருக்கிறது, இனி பேக்கப் எதற்கு என்ற நினைப்பு பல அலுவலகங்களில் உண்டு. ஒருவர் தவறிப்போய் ஒரு ஃபோல்டரை அழித்தால், கிளஸ்டர் தன் கடமையில் வழுவாமல் மூன்று பிரதிகளையும் அந்த நொடியே அழிக்கும். பிரதி காப்பாற்றுவது டிஸ்க் சாவிலிருந்து மட்டும்.

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம் இருக்கிறது. ஆறு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். அது கூகுள் கிளவுடில் இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தது. 2024 மே மாதம் இரண்டும் சேர்ந்து காணாமல் போயின. தொடக்கத்தில் அமைத்தபோது கூகுள் தரப்பில் ஓர் இடம் நிரப்பப்படாமல் விடப்பட, ஓராண்டுக் கெடு தானாக விழுந்துவிட்டது. கெடு முடிந்ததும் அந்த அமைப்பு தானாக நீக்கப்பட்டது என்று பிற்பாடு கூகுள் விளக்கியது. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. தனியே எடுத்துவைத்திருந்த பேக்கப்புகள், குறிப்பாக வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்தது, கைகொடுத்ததால் நிதி மீண்டது.

தென்கொரியாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலங்கள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 'ஜி-டிரைவ்' எரிந்தது. 858 டெராபைட். வெளியே பேக்கப் இல்லை. அளவு மிகப் பெரிது என்பதால் எடுக்கப்படவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது.

அதே ஆள், வேறு வழி

ஏபி பெரியசாமி 2014-ல் கரிமா கபூர், ஹர்ஷவர்தனா ஆகியோரோடு சேர்ந்து மினியோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த முறை ஃபோல்டரைக் கைவிட்டுவிட்டு, அமேசான் எஸ்3 பேசும் அதே மொழியைப் பேசும் சேமிப்பை எழுதினார்கள். பழைய மென்பொருளைக் கிளவுடுக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, கிளவுடின் பழக்கத்தை எவர் வேண்டுமானாலும் தன் கணினியில் வைத்துக்கொள்ளச் செய்யும் முயற்சி இது. மூன்று முழுப் பிரதிகள் இங்கே இல்லை. கோப்பைத் துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட சில உபரித் துண்டுகளையும் சேர்த்துப் பரப்பிவிடுவார்கள். 16 டிஸ்க்குகளில் 12 தரவுக்கும் 4 உபரிக்கும் என்று அமைத்தால் எந்த நான்கு டிஸ்க் செத்தாலும் கோப்பை முழுதாகக் கட்டி எழுப்பலாம். தேவைப்படும் இடம் மூன்று மடங்கு அல்ல, ஒன்றே கால் மடங்கைவிடச் சற்று அதிகம். 2022 ஜனவரியில் 10.3 கோடி டாலர் முதலீடு திரட்டியபோது மினியோவின் மதிப்பு 100 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது.

குளஸ்டருக்கு இறங்குமுகம். அதை வைத்து ரெட் ஹேட் விற்றுவந்த நிறுவனப் பதிப்பின் ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. மூல நிரல் பொதுவில் இருக்கிறது. நள்ளிரவில் கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை. மினியோவும் 2021-ல் தன் உரிமத்தைக் கடுமையாக்கியது. 2025-ல் இலவசப் பதிப்பின் நிர்வாகத் திரையிலிருந்து பெரும்பாலான வசதிகளை எடுத்துவிட்டது. கட்டணமில்லாமல் அதை நம்பியிருந்தவர்கள் மாற்று தேடத் தொடங்கினார்கள். டிஸ்க்கைப் போலவே மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு என்பதால், கிளவுடில் கிடங்கு அமைக்கும்போதே அதிலிருந்து வெளியேறும் வழியையும் ஒப்பந்தத்தில் பார்ப்பது இப்போது வழக்கமாகி வருகிறது.

வெளியேறவும் கட்டணம் உண்டு. அமேசானிலிருந்து இணையத்துக்கு வெளியே எடுக்க ஜிகாபைட்டுக்குப் பட்டியல் விலை 9 சென்ட். பத்து டெராபைட்டுக்குச் சுமார் 900 டாலர். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் நெருக்கியதால் 2024 தொடக்கத்தில் கூகுளும், பின்னாலேயே அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும், ஒட்டுமொத்தமாக வெளியேறுகிறவர்களுக்கு இந்தக் கட்டணத்தை விலக்கின. அமேசானில் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். பெற்றபின் 60 நாளுக்குள் மொத்தத்தையும் எடுத்து முடிக்க வேண்டும். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு ஒரு நொடிகூட ஓயாமல் முழு வேகத்தில் ஓடினால், பத்து டெராபைட்டை இறக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நூறு டெராபைட் வைத்திருப்பவருக்கு அதே இணைப்பில் 92 நாளுக்கு மேல் வேண்டும். கெடு முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகும் இறங்கிக்கொண்டிருக்கும்.